துடிப்புக்கும் ஒரு பேரம்

அத்தியாயம் 17

வளைகாப்பு முடிந்து, வளையல் குலுங்க மகள் கலைமதியை இண்டூர் சம்பந்தி வீட்டிலிருந்து அதியமான்கோட்டைக்கு அழைத்துவந்த நிர்மலா, கிளம்பும்போது சும்மா கிளம்பவில்லை என்பதைப் போன வாரம் பார்த்தோம். சம்பந்தியம்மாள் காசியம்மாளிடம், பந்தியில் உட்கார்ந்திருந்த நூற்றிருபது பேர் காது கேட்க ஒரு வார்த்தை விட்டுவிட்டு வந்தாள்.

“எங்கம்மா, நான், என் தங்கச்சி, எங்க வூட்டுல யாரு வயித்துலயும் கத்தி பட்டதில்லங்க சம்பந்தி. உங்க மருமவளுக்கும் சுகப்பிரசவந்தான். நான் பொறுப்பு.”

பொறுப்பு என்ற சொல்லை நிர்மலா விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல. ஹைவே ஓரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் புடவைக்கடை நடத்துகிறாள். சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊர்த் தறிக்காரர்கள் அவள் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்தாலே விலையில் முன்கூட்டியே கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்வார்கள், அவள் இறக்குவதற்கு இடம் வேண்டுமே என்று. சொன்ன விலைக்கு அவள் வாங்கிய பொருள் இந்த உலகத்தில் இரண்டே இரண்டு. பஸ் டிக்கெட் ஒன்று, பெட்ரோல் ஒன்று. பெட்ரோல் பங்கிலும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள் என்று அவள் வீட்டுக்காரர் நவநீதன் சொல்வார்.

அப்படிப்பட்டவள் வீட்டில் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, முப்பத்தெட்டாவது வாரக் கர்ப்பிணியான மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, நேத்து சாயங்காலத்துலேருந்து உள்ள அசைவு கம்மியா இருக்குது.”

நிர்மலா இட்லித் தட்டை இறக்கினாள். “கடைசி மாசத்துல கபடி ஆட அதுக்கு எடம் எங்க இருக்குது? அடங்கித்தான் கெடக்கும்.”

“எடம் இல்லன்னாலும் அசையணும்னு வெண்மதி சிஸ்டர் சொன்னாங்க. சாப்பிட்டுட்டு எடது பக்கமா படுத்து எண்ணணுமாம். ரெண்டு மணி நேரத்துல பத்தாவது வரணும்.”

“எண்ணினியா?”

“வெடியக்காலம் பால் குடிச்சிட்டுப் படுத்து எண்ணினேன். மூணு. அதுலயும் ஒண்ணு வாயுவான்னு தெரியல.”

“சரி, நாலு இட்லி சாப்பிடு. ஜூஸ் போட்டுத் தரேன். இன்னும் ஒரு மணி நேரம் பாப்போம்.”

ஒரு மணி நேரம் என்பது நிர்மலா எதற்கும் கேட்கும் தவணை. பால்காரரிடமும் அதுதான், பாங்க் மேனேஜரிடமும் அதுதான். கலைமதி இட்லியைச் சாப்பிட்டாள், ஜூஸைக் குடித்தாள், படுத்தாள். அம்மா கடை ஷட்டரைத் திறக்கப் போன நேரம் பார்த்து கிராம செவிலியர் வெண்மதிக்குப் போன் போட்டாள்.

ஒன்பதே காலுக்கு வெண்மதியின் ஸ்கூட்டி வாசலில் நின்றது. பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவியை எடுத்து, வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி, வைத்து நகர்த்தினாள். குதிரை ஓடுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. ஓடிக்கொண்டே இருந்த குதிரை திடீரென்று நடந்தது. மறுபடியும் ஓடியது.

வெண்மதி ஐந்து நிமிஷம் கேட்டாள். கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

“நூத்திப்பத்துலேருந்து நூத்தியறுபதுக்குள்ள இருந்தா நான் டீ குடிச்சிட்டுப் போயிருப்பேங்க. இது நூத்தம்பதுல நிக்குது, நடுவுல தொண்ணூத்தஞ்சுக்கு எறங்கி ஏறுது. கெளம்புங்க. 108க்குச் சொல்லட்டுமா?”

“ஒரு மணி நேரம் பாத்துட்டு...”

“என்னத்தப் பாக்கணும்?” என்றாள் வெண்மதி.

அதற்குள் நவநீதன் ஆம்னி வேனை ஸ்டார்ட் செய்துவிட்டார். கடைச் சரக்கு ஏற்றும் வேன் அது. பின் சீட்டில் கிடந்த நைட்டிக் கட்டுகளை ஷட்டருக்குள் தள்ளிவிட்டு மகளைப் படுக்கவைத்தார்கள். வெண்மதி முன்னால் உட்கார்ந்து தருமபுரி அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குப் போனிலேயே விவரம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பத்து மணிக்குக் கலைமதி கட்டிலில் இருந்தாள். வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட். ஒன்று குழந்தையின் துடிப்பைப் பிடிக்க, இன்னொன்று வயிறு இறுகுவதைப் பிடிக்க. பக்கத்தில் சிடிஜி மெஷின் காகிதத்தைத் துப்பிக்கொண்டிருந்தது. வெண்மதி கலைமதியின் கர்ப்பகால அட்டையை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினாள்.

நிர்மலாவின் கண் காகிதத்தில் இல்லை. திரையில் ஓடிய எண்ணில் இருந்தது. ஏலம் கேட்டு வளர்ந்த கண் அது. நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பத்தேழு. நூற்று இருபது. தொண்ணூறு.

டாக்டர் சுசித்ரா காகிதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வார்த்தையை அளந்து போடுகிற ஆள்.

“இந்தக் கோடு ரம்பப் பல்லு மாதிரி ஏறி எறங்கி இருக்கணுங்க. அப்பத்தான் குழந்த தெம்பா இருக்குதுன்னு அர்த்தம். இது இஸ்திரி போட்ட மாதிரி மட்டமா போகுது. நடுநடுவுல குழி விழுது. கலைமதி, எடது பக்கம் திரும்பிப் படும்மா. சிஸ்டர், டிரிப் போடுங்க. பிரஷர் பாருங்க.”

இருபது நிமிஷம் போனது. குழி விழுவது நின்றது. எண் நூற்று நாற்பத்திரண்டில் வந்து உட்கார்ந்தது. நிர்மலாவுக்கு மூச்சு வந்தது.

“சரியாயிடுச்சுங்களா டாக்டரம்மா?”

“இப்போதைக்குத் தேறியிருக்குது. காரணம் சரியாகல.”

ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்கள். காரணம் தெரிந்தது. டாக்டர் அதை அம்மாவுக்கும் மகளுக்கும் சேர்த்தே சொன்னாள்.

“குழந்தயச் சுத்தித் தண்ணி ரொம்பக் கம்மியா இருக்குது. தண்ணி இருந்தாத்தான் தொப்புள்கொடி அழுந்தாம இருக்கும். கொடி அழுந்தினா குழந்தைக்கு ரத்தம் போகாது, துடிப்பு எறங்கும். பக்கம் மாத்திப் படுத்ததுல இப்ப அழுத்தம் விட்டிருக்குது. மறுபடியும் வரும். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். தியேட்டர்ல ஒரு கேஸ் போயிட்டிருக்குது. அது முடிஞ்சதும் இவங்கதான்.”

ஆபரேஷன் என்ற சொல் விழுந்ததும் நிர்மலாவுக்குள் இருந்த கடைக்காரி விழித்துக்கொண்டாள். முதலில் சொல்வது முதல் விலை, அவ்வளவுதான். தொண்ணூறு என்று பயமுறுத்திய மெஷின் இருபது நிமிஷத்தில் நூற்று நாற்பத்திரண்டுக்கு வழிக்கு வரவில்லையா? இருபது நிமிஷத்தில் இவ்வளவு படிந்து வந்தால், இன்னும் கொஞ்சம் நின்று பேசினால் சுகப்பிரசவத்துக்கே படிந்துவிடும். அவள் கணக்கு அப்படிப் போனது.

இதில் கல்லாப்பெட்டி கிடையாது, ரசீது கிடையாது என்பதுதான் அவளைக் கொஞ்சம் குழப்பியது. காசு வாங்காத இடத்தில் எதை வைத்துப் பேரம் பேசுவது? யோசித்து, நேரத்தை வைத்து ஆரம்பித்தாள்.

“நாளைக்குப் பாக்கலாங்களா?”

“இல்லங்க.”

“சாயங்காலம்?”

“இல்லங்க.”

“வலி வர்றதுக்கு மருந்து வச்சுப் பாத்தா என்னாங்க?”

“வலி வந்தா ஒவ்வொரு வலிக்கும் குழந்தைக்குப் போற ரத்தம் குறையும். சும்மா படுத்திருக்கும்போதே இதால தாங்க முடியல. வலியத் தாங்காது.”

“இல்லங்க, எங்க குடும்பத்துல யாருக்கும்...”

“உங்க குடும்பத்தப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. இந்தக் குழந்தயப் பத்தி இந்தக் காகிதம் சொல்லுது.” டாக்டர் காகிதத்தைக் கிழித்து மடித்து அட்டைக்குள் வைத்தாள். “நான் தியேட்டருக்குப் போறேன். எடது பக்கமே படுத்திருக்கட்டும். பெல்ட் இருக்கட்டும். சிஸ்டர், ரத்தம் எடுத்து அனுப்புங்க.”

போய்விட்டாள்.

ஒரே விலை என்று போர்டு மாட்டிய கடைகளை நிர்மலாவுக்கு அறவே பிடிக்காது. ஆனால் அந்தக் கடைகளிலும் செல்லுபடியாகிற வித்தை ஒன்று அவளிடம் உண்டு. எழுந்து போவது. வேகமாகப் போகக் கூடாது, கோபம் என்று நினைத்து விட்டுவிடுவான். திரும்பிப் பார்க்கக் கூடாது, ஆசை என்று தெரிந்துவிடும். நாலு எட்டு நிதானமாக நடந்தால், ஐந்தாவது எட்டில் “இந்தாங்கம்மா, வாங்க” என்று குரல் வரும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் குரல் வராமல் போனது மூன்று தடவையோ நான்கு தடவையோதான்.

நர்ஸ் எதிர்க்கட்டிலில் இன்னொருத்திக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். நிர்மலா குனிந்து முதல் பெல்ட்டை அவிழ்த்தாள்.

“என்னம்மா பண்ற?” என்றாள் கலைமதி.

“எழுந்திரு கண்ணு. வெளிய ஒரு எடத்துல ஸ்கேன் பாத்துக்கலாம்.”

“டாக்டர் படுத்திருக்கச் சொன்னாங்க.”

“நான் சொல்றேன், எழுந்திரு.”

பிறந்ததிலிருந்து கேட்ட குரல். கலைமதி எழுந்துவிட்டாள். டிரிப் பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றி உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள் நிர்மலா.

“ஏங்க, எங்க போறீங்க?” நர்ஸ் திரும்பினாள். “டாக்டரக் கேக்காம எறக்கக் கூடாதுங்க.”

“கேளுங்க. நாங்க மெதுவாத்தான் போறோம்.”

நர்ஸ் தியேட்டருக்குப் போன் செய்ய ஓடினாள். நிர்மலா நடந்தாள். நாலு எட்டு முடிந்தது. பத்து எட்டு முடிந்தது. வராந்தா முடிந்தது. பின்னாலிருந்து குரல் வரவில்லை. தியேட்டருக்குள் கையுறையோடு நிற்கிற டாக்டர் எப்படிக் கூப்பிடுவாள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. வாசலுக்குப் போனால் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள்.

வாசலிலும் யாரும் கூப்பிடவில்லை. வேனில் சாய்ந்து நின்ற நவநீதன் ஓடிவந்தார்.

“டாக்டர் அனுப்பிட்டாங்களா?”

“கூப்புடுவாங்க. நீங்க கதவத் தெறங்க.”

“யாரு கூப்புடுவாங்க?”

நவநீதன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நிர்மலா திறக்கச் சொல்லி அவர் திறக்காத முதல் கதவு அது.

கலைமதி வாசல் பெஞ்சில் ஒரு கையை ஊன்றி நின்றாள். இன்னொரு கை வயிற்றில்.

“அம்மா, சின்ன வயசுல சேலத்துக்குக் கூட்டிட்டுப் போவியே. நீ வெல பேசும்போது நான் உன் முந்தானையப் புடிச்சு இழுக்கணும். வேற கடைக்குப் போலாம்மான்னு சொல்லணும். அதுக்கு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுப்ப.”

நிர்மலா டிரிப் பாட்டிலைக் கை மாற்றிப் பிடித்தாள்.

“அதத்தான இப்பப் பண்ற?”

“உன் நல்லதுக்குத்தான்டி...”

“வந்ததுலேருந்து ஒரு அசைவும் இல்லம்மா. நான் உள்ள போறேன்.”

திரும்பி நடந்தாள். ஊசி மகள் கையில், பாட்டில் அம்மா கையில். பின்னாலேயே போவதைத் தவிர நிர்மலாவுக்கு வேறு வழி இல்லை.

கட்டில் பக்கத்தில் டாக்டர் சுசித்ரா தொப்பியோடு நின்றிருந்தாள். முதல் ஆபரேஷனில் தையலை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. படுக்கவைத்து பெல்ட்டை மாட்டினாள்.

எண்பத்தெட்டு.

இடது பக்கம் திருப்பினார்கள். எண்பத்து நான்கு. வலது பக்கம் திருப்பினார்கள். எண்பத்திரண்டு. டிரிப்பை வேகமாகத் திறந்துவிட்டார்கள். எண் அசையவில்லை. சற்று முன் அத்தனை சுலபமாகப் படிந்து வந்த எண், இப்போது சொன்ன இடத்தில் நின்றது.

“தியேட்டர்,” என்றாள் டாக்டர். “பக்கத்து டேபிள். மயக்க டாக்டர நிக்கச் சொல்லுங்க. குழந்த டாக்டரக் கூப்புடுங்க.”

கலைமதி ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். அதே படிவத்தை நர்ஸ் நிர்மலாவிடம் நீட்டினாள். எதையும் இரண்டு தடவை படித்து, பின்பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற நிர்மலா, பேனா நர்ஸுடையதா தன்னுடையதா என்றுகூடப் பார்க்காமல் போட்டாள். கதவு மூடியது.

போன் அடித்தது. மருமகன் அருள்குமார். ஓசூரில் கம்பெனி வேலை, விஷயம் தெரிந்து பஸ் ஏறியிருந்தான்.

“அத்த, கிருஷ்ணகிரி தாண்டிட்டேன். டாக்டர் என்னா சொல்றாங்களோ அதச் செஞ்சுடுங்க. யாருக்காகவும் எதுக்காகவும் காத்திருக்காதீங்க.”

“செஞ்சாச்சு மாப்ள,” என்றாள் நிர்மலா. அதற்கு முன்னால் செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ இருநூறு. இந்த விவரத்தைச் சொல்ல டாக்டர் சுசித்ரா வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை.

“கலைமதி நல்லா இருக்காங்க, மயக்கம் தெளிய நேரமாகும். கொடி கழுத்துல ரெண்டு சுத்து இருந்துச்சு. தண்ணி பச்சையா இருந்துச்சு, குழந்த உள்ளயே மலம் போயிருக்குது. குழந்த வந்ததும் அழல. மாஸ்க் வச்சு மூச்சுக் கொடுத்தாங்க. மூணாவது நிமிஷம் அழுதுச்சு. இப்ப பச்சக் குழந்த வார்டுல இருக்குது. பால் குடிக்குதா, வலிப்பு எதாவது வருதான்னு நாளைக்கு வரைக்கும் பாக்கணும்.”

நிர்மலா ஓரடி முன்னால் வந்தாள். “நாங்க வெளிய போயிட்டு வந்தமே. அது எத்தன நிமிஷங்க?”

“பதினாலு. சிஸ்டர் எழுதி வச்சிருக்காங்க.”

“அதனாலதானுங்களா?”

டாக்டர் தொப்பியைக் கழற்றினாள். “தெரியாதுங்க. ஆமான்னாலும் பொய், இல்லன்னாலும் பொய். பெல்ட் இருந்திருந்தா எறங்கும்போதே தெரிஞ்சிருக்கும். அது மட்டுந்தான் நான் சொல்ல முடியும்.”

இரண்டு மணிக்குக் காசியம்மாள் வந்தாள். இண்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் எவர்சில்வர் கேரியரோடு. வந்ததும் நிர்மலா எதிர்பார்த்தது ஒன்று. நூற்றிருபது பேர் முன்னால் சொன்ன சுகப்பிரசவம் எங்கே என்ற கேள்வி. அதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து நாலு பதில் தயார் செய்து வைத்திருந்தாள்.

காசியம்மாள் அதைக் கேட்கவில்லை.

“புள்ள மூச்சு விடுதா?”

“விடுதுங்க. கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காங்க.”

“மருமவ?”

“மயக்கத்துல இருக்கா.”

காசியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். “பத்து மணிக்கே வந்துட்டீங்கன்னு அருளு சொன்னான். பன்னண்டு மணிக்குத்தான் எடுத்திருக்காங்க. அது வரைக்கும் என்னா பண்ணாங்க சம்பந்தி?”

பதில் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. தியேட்டரில் வேறு கேஸ் ஓடியது. அது உண்மை. அந்த உண்மையோடு நிறுத்திக்கொண்டால் காசியம்மாள் நம்புவாள், அருள்குமார் நம்புவான், பழி கவர்மெண்டு ஆஸ்பத்திரி மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நவநீதன் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாக.

“தியேட்டர்ல வேற ஆபரேஷன் போயிட்டிருந்துச்சு, அது நெசந்தாங்க,” என்றாள் நிர்மலா. “ஆனா நடுவுல நான் பெல்ட்டக் கழட்டிட்டு, பொண்ண எழுப்பி வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டேன். டாக்டர் வேணாம்னு சொல்லியும். பதினாலு நிமிஷம்.”

காசியம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். “எதுக்கு?”

“ஆபரேஷன் இல்லாம முடிச்சுக் குடுக்கறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வந்தேனே. அதுக்கு.”

“வளைகாப்புல சொன்னதா?” காசியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அன்னிக்குப் பந்தியில சாம்பார் பத்தல. நான் அந்தக் கவலையில நின்னேன். நீங்க சொன்னது எனக்குப் பாதிகூடக் காதுல வுழுகல.”

அவள் மறுபடியும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நிர்மலாவுக்குத் தேவலை. திட்டுக்குத் திட்டு என்று எதையாவது கொடுத்து வாங்கியிருக்கலாம்.

வார்டுக் கதவு திறந்தது. காலையில் தியேட்டருக்குப் போன் செய்ய ஓடிய அதே நர்ஸ்.

“கலைமதி முழிச்சிட்டாங்க. ஒருத்தர் மட்டும் உள்ள வரலாம்.”

நிர்மலா எழுந்தாள்.

“நீங்க இல்லங்க,” என்றாள் நர்ஸ். “அவங்களக் கேட்டேன். மாமியாரக் கூப்புடச் சொன்னாங்க.”

காசியம்மாள் ஒரு நிமிஷம் நிர்மலாவைப் பார்த்தாள். சங்கடமாக இருந்திருக்கும். கேரியரை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே என்ன பேசினார்கள் என்பது வெளியே கேட்கவில்லை. கேரியர் சூடாக இருந்தது.

நவநீதன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காசியம்மாள் வெளியே வரக் காணோம்.

வராந்தாவின் அடுத்த கோடியில் இன்னொரு கதவு திறந்தது. பச்சைக் குழந்தை வார்டு நர்ஸ் தலையை நீட்டினாள்.

“கலைமதி பேபிக்கு யாருங்க வந்திருக்கீங்க? டாக்டர் உடனே வரச் சொல்றாரு.”

நிர்மலா கேரியரை நவநீதன் மடியில் வைத்துவிட்டு நடந்தாள். நடை ஓட்டமாகிவிட்டது. வாசலில் நர்ஸ் கை காட்டித் தடுத்தாள்.

“செருப்ப இங்கயே வுடுங்க. சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவுங்க. ரெண்டு நிமிஷம் முழுசா கழுவணும்.”

எதற்குக் கூப்பிட்டார்கள் என்று நிர்மலா கேட்கவில்லை. ஒரு நிமிஷம் போதாதா என்றும் கேட்கவில்லை. குழாயைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவினாள்.